சல்லடையில் நின்றவை

அன்று புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பது. இருட்டறையில் நுண்ணோக்கியைத் திருகிச் சரி செய்ததும் முதலில் தெரிந்தது ஒரு கொத்து. பச்சையாக ஒளிரும் செல்கள் ஏழெட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கறுப்புப் பின்னணியில் நின்றன. கண்ணாடித் தகட்டைச் சற்று நகர்த்தினேன். இன்னொரு கொத்து. அதன் பக்கத்தில் மூன்று செல்கள் சேர்ந்த சிறிய ஒன்று. தனியாக நின்ற செல் ஒன்றுகூட அந்தத் தகட்டில் இல்லை.

தகட்டில் இருந்தது, வழக்கமாக நாங்கள் குப்பைக்கு அனுப்பும் பொருள்.

இதை இப்போது எழுதக் காரணம் கவிதா. ஜொகூர் பாருவில் நான் வேலை பார்த்த அதே ஆய்வகத்தில் இன்று வேலை செய்பவர். போன மாதம் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தார். "மேடம், இப்ப நாங்க ரத்தத்துல கொத்துகளைத்தான் தேடுறோம். புது மெஷின் அதுக்குன்னே வந்திருக்கு. உங்க பழைய கட்டுரையில கொத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. அப்பல்லாம் கண்ணுலயே படலையா?"

கண்ணில் பட்டது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

என் ஊர் சிகாமட். அப்பா ரயில்வேயில் இருந்தார். பள்ளி முடித்துப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருந்த காலத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஊர்ச் செய்தி எழுதினேன். பெரும்பாலும் வெள்ளச் செய்திதான். எத்தனை மணிக்குப் போனாய், போனதும் முதலில் எதைப் பார்த்தாய் என்று கேட்காமல் அங்கே எந்தச் செய்தியையும் வாங்க மாட்டார்கள். பிறகு கோலாலம்பூரில் உயிரியல் படிப்பு. படித்து முடித்து ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையை ஒட்டியிருந்த ஆய்வகத்தில் சேர்ந்தவள், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

எங்கள் கேள்வி ஒன்றுதான். மார்பில் தோன்றும் புற்றுநோய் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் எலும்புக்கும் எப்படிப் போகிறது? ரத்தத்தின் வழியாகப் போகிறது என்பது தெரியும். அப்படியானால் போகும் வழியிலேயே அந்தச் செல்களைப் பிடித்து எண்ண முடியுமா, எண்ணிக்கை கூடினால் நோய் பரவுகிறது என்று ஸ்கேனுக்கு முன்பே சொல்ல முடியுமா? இதுதான் எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் காதரின் ஆய்வு. எண்ணுவது என் வேலை.

டாக்டர் காதர் மூவார்க்காரர். அவருடைய அப்பா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். டாக்டர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் எல்லா மேசைகளையும் எரிசாராயம் நனைத்த துணியால் அவரே துடைப்பார். உதவியாளர்கள் துடைத்திருந்தாலும் துடைப்பார். யாராவது கேட்டால், "என் மேசையை நான் துடைச்சா எனக்குத் தூக்கம் வரும்" என்பார். ஆய்வகத்தில் எந்தத் திரவமும் வடிகட்டப்படாமல் அடுத்த மேசைக்குப் போகக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

"எங்க வாப்பா கடையில தேத்தண்ணித் தூள் ஒண்ணு கிளாஸ்ல மிதந்தாலும் திருப்பி அனுப்பிருவாரு. எனக்கும் அதேதான், வசந்தா."

"இது தேத்தண்ணி இல்லையே சார்."

"அதனாலதான் ரெண்டு தடவை வடிகட்டச் சொல்றேன்."

வேலை இப்படி நடக்கும். ரத்தம் உறையாதிருக்க மருந்திட்ட குழாயில் நோயாளியின் ரத்தம் வரும். மருத்துவமனைக் கட்டடம் சாலைக்கு அந்தப் பக்கம். குழாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நானே சாலையைக் கடந்து வருவேன். கனமான ஒரு திரவத்தின் மேல் ரத்தத்தை மெதுவாக விட்டுச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் போய்விடும். நடுவில் மெல்லிய பால் நிறப் படலம் ஒன்று நிற்கும். நாங்கள் தேடும் செல் இருந்தால் அந்தப் படலத்தில்தான் இருக்கும். அதை உறிஞ்சி எடுத்து, கழுவி, நைலான் சல்லடையில் ஊற்றுவேன். சல்லடையின் கண் அவ்வளவு சிறியது. தனிச் செல் இறங்கும், கட்டி தங்கும். இறங்கியதற்கு ஒளிரும் சாயமிட்டு இருட்டறையில் எண்ணுவேன். சல்லடையைக் குளோரின் வாளியில் போடுவேன்.

கட்டியை ஏன் எடுத்தோம் என்று கவிதாவின் வயதில் உள்ளவர்களுக்குத் தோன்றும். அந்தக் காலத்தில் நாங்கள் படித்ததெல்லாம் ஒன்றைத்தான் சொன்னது. புற்றுச்செல் தன் கூட்டத்திலிருந்து அறுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பும், தனியாக ரத்தத்தில் இறங்கும், தனியாக வேறிடத்தில் கரையேறும். கொத்தாகத் தெரிவதெல்லாம் கையாளும்போது ஒட்டிக்கொண்டவை. ஊசி வழியாக வரும்போது ஒட்டும், குழாயில் கிடந்து பழசானாலும் ஒட்டும். அவற்றை விட்டுவைத்தால் எண்ணிக்கை கெடும். இதைச் செய்தது எங்கள் ஆய்வகம் மட்டுமல்ல. ஆனால் எங்களைவிடச் சுத்தமாகச் செய்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

தனலெட்சுமி பெக்கான் நானாஸிலிருந்து வந்தார். வயது நாற்பத்தாறு. அன்னாசித் தொழிற்சாலையில் பழம் வெட்டும் வேலை. கையுறை போட்டும் விரல் நுனிகள் வெளுத்து உரிந்திருந்தன. இடது மார்பில் அறுவை முடிந்து, மருந்து ஏற்ற மூன்று வாரத்துக்கு ஒருமுறை கணவரோடு வருவார். ஆய்வுக்கு ரத்தம் தரச் சம்மதமா என்று முதன்முதலில் கேட்டவள் நான்தான். கேட்க வேண்டிய முறை ஒன்று இருந்தது. இதனால் உங்களுக்கு நேரடிப் பலன் ஏதும் இல்லை, முடிவை உங்களிடம் சொல்ல மாட்டோம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மூன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"பசியாறிட்டீங்களா மிஸ்ஸி?" என்றார் அவர். தாதிகளை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்பார்கள்.

"நான் மிஸ்ஸி இல்லம்மா. ஆய்வகத்துல வேலை."

"வெள்ளை கோட்டு போட்டா மிஸ்ஸிதான் லா. சரி, எனக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்லிட்டீங்க. வேற யாருக்காவது கிடைக்குமா?"

"பின்னால வர்றவங்களுக்குக் கிடைக்கலாம்."

"என் தங்கச்சி ரெங்கத்துல இருக்கா. அவளுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. இந்தச் சனியன் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சு வந்திருச்சு. அதுங்களுக்கு ஆகும்னா எடுத்துக்குங்க." கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு மிஸ்ஸி. எங்க பேக்டரியில வளையமா வராத துண்டை எல்லாம் தள்ளிருவாங்க, ஜூஸுக்குப் போயிரும். என்னை அப்படித் தள்ளிறாதீங்க. கணக்குல சேர்க்கணும்."

சேர்ப்போம் என்றேன். சம்மதம் தந்த எல்லோரையும் சேர்ப்பதுதான் முறை.

பிறகு வந்த ஒவ்வொரு முறையும் ஊசி ஏறும்போது அவர் கேட்டது அதைத்தான். "கணக்குல இருக்கேன்ல?" கணவர் முனியாண்டி லாரி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். "விடேன்டி, அவங்க வேலையைப் பார்க்கட்டும்" என்பார். "நீ சும்மா இரு, உன் ரத்தத்தையா எடுக்குறாங்க?" என்பார் தனலெட்சுமி.

சிக்கல் அவருடைய எண்ணிக்கையில் வந்தது. மற்றவர்களிடம் ஓரளவு ஒழுங்கு தெரிந்தது. நோய் பரவியவர்களின் ரத்தத்தில் செல்கள் அதிகம், பரவாதவர்களிடம் குறைவு. தனலெட்சுமியின் தகட்டில் எப்போதும் ஒன்றுமில்லை, அல்லது ஒரே ஒரு செல். எண்ணிக்கையை நம்பினால் அவர் குணமாகிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். அடுத்த ஸ்கேனில் கல்லீரலிலும்.

டாக்டர் காதர் சாயத்தைச் சந்தேகித்தார். புதுச் சாயம் வரவழைத்தார். அதிலும் அப்படியே. அவர் சுழலியைச் சோதித்தார், என் எண்ணும் கணக்கைத் தானும் எண்ணிச் சரிபார்த்தார். சல்லடையை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை தனலெட்சுமியின் ரத்தத்தை வடிகட்டும்போது சல்லடை அடைத்துக்கொண்டது. திரவம் மேலேயே நின்றது. முன்பும் அவருடைய ரத்தத்தில் சல்லடை மெதுவாக இறங்கும். அன்று நின்றே விட்டது. வேறு சல்லடை மாற்றி வேலையை முடித்தேன். பழையதை வாளியில் போடப் போனவள், கவிழ்த்துப் பிடித்துக் கழுவி, அந்தக் கழுவலுக்கும் சாயமிட்டேன். அடைத்தது என்னவென்று பார்ப்பதற்காகத்தான். அப்போது பார்த்ததைத்தான் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

டாக்டரைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். நீண்ட நேரம் தலையைத் தூக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து இருவரைக் கூப்பிட்டுக் காட்டினார், மறுபடி தானும் பார்த்தார். ஒளிரும் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் படப்பட மங்கும். நாங்கள் பார்க்கப் பார்க்கப் பச்சை குறைந்துகொண்டே வந்தது. படமெடுக்கும் கருவி பழுதாகிச் சிங்கப்பூருக்குப் போயிருந்தது.

"சார், எல்லாம் புற்றுச்செல்தான். சாயம் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கு. இல்லைன்னு சொல்லல." விளக்கைப் போட்டார். "ரத்தத்துலயே இப்படி ஒட்டி இருந்துச்சா, நம்ம குழாய்ல வந்து ஒட்டுச்சா? அதுக்கு உன்கிட்ட என்ன சாட்சி?"

என்னிடம் சாட்சி இல்லை.

"உடம்புக்குள்ள ரத்த நுண்குழாய் எவ்வளவு சின்னது? ஒரு செல் நுழையவே நெருக்கணும். இவ்வளவு பெரிய கொத்து எங்க நுழையும்? அடைச்சுக்கும்."

"அடைச்சுக்கிட்டா அங்கயே தங்கிராதா சார்?"

அவர் எழுந்து போய் ஒரு மேசையைத் துடைத்தார். திரும்பி வந்து, "சரி. அடுத்த தடவை அந்தம்மா வரும்போது எடுத்த உடனே ஓடி வரணும். சுழற்றக் கூடாது, வடிகட்டக் கூடாது. எடுத்த சூட்டோட ஒரு சொட்டைத் தகட்டுல விட்டுப் பார்ப்போம். அப்பவும் கொத்து இருந்தா நான் எழுதுறேன். ஒரு தடவை பார்த்ததை வச்சு எழுத மாட்டேன்" என்றார்.

நியாயமான பேச்சு. இன்றும் அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

அடுத்த முறை தனலெட்சுமி நடந்து வரவில்லை. வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். மூச்சு வாங்கியது. டாக்டர் காதர் என்னோடு வார்டுக்கு வந்தார்; அதற்கு முன் அவர் அப்படி வந்ததில்லை. குழாயைத் தானே தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக வந்தார்.

ஆய்வுக்கான ரத்தத்துக்கு இரண்டு முறைக்கு மேல் குத்தக்கூடாது என்பது விதி. அறுவை செய்த பக்கத்துக் கையில் குத்தவே கூடாது, வீங்கிவிடும், புண்ணாகும். ஆகவே வலது கை மட்டும்தான். மருந்து ஏறி ஏறி அந்தக் கையின் நரம்புகள் நூல்போல இறுகிக் கிடந்தன. தாதி அனுபவசாலி. முதல் குத்தலில் ரத்தம் வரவில்லை. கையை வெந்நீர்த் துணியால் சுற்றி வைத்திருந்து இரண்டாவது முறை குத்தினார். ஒரு துளி வந்து நின்றது.

தாதி எங்களைப் பார்த்தார். தனலெட்சுமியும் பார்த்தார்.

"வரலையா மிஸ்ஸி?"

"பரவாயில்லம்மா. போதும்."

"அலமாக், என்ன போதும்? ஒண்ணுமே வரலையே." இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். "இந்தா, இதுல பாருங்க. இதுல நரம்பு நல்லாத்தான் இருக்கு."

இருந்தது. முழங்கை மடிப்பில் நீலமாக, தடிமனாக, எனக்கும் தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

"அதுல குத்தக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

"வீங்குனா வீங்கட்டும் டாக்டர். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கை? இன்னைக்கு ரத்தம் முக்கியம்னு மிஸ்ஸி சொன்னாங்க. எடுத்துக்குங்க."

நான் சொல்லியிருந்தேன். காலையில் அவரைப் பார்த்தபோது, இன்று எடுப்பதைப் புது விதமாகப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன்.

டாக்டர் காதர் கட்டிலருகே போய் நின்றார். நீட்டிய கையைப் பிடித்து, சுருட்டியிருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டார்.

"வேணாம்மா."

"அப்ப என் கணக்கு?"

"சேர்த்தாச்சு."

"நெசமா?"

"சேர்த்தாச்சும்மா. நீங்க குடுத்ததெல்லாம் இருக்கு."

முனியாண்டி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். "அதான் டாக்டரே சொல்லிட்டாருல்ல. கையை உள்ள வை" என்றார். தனலெட்சுமி கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அந்த மாதமே இறந்தார்.

சாலையைக் கடந்து திரும்பும்போது டாக்டர் வெறுங்கையோடு நடந்தார். நான் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கட்டுரை எழுதும் காலம் வந்தது. டாக்டர் அட்டவணையைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தனலெட்சுமியை எடுத்துடலாம்."

நான் அட்டவணையில் அவருடைய வரியைப் பார்த்தேன்.

"கடைசி ரத்தம் இல்ல. இருக்குற எண்ணிக்கை நோயோட ஒத்துப் போகல. ஏன்னு கேட்டா நம்மகிட்ட பதில் இல்ல."

"கொத்து இருந்துச்சே சார்."

"மங்கிப்போன ஒரு தகடு. அதை எப்படி அச்சுல போடுவேன்?"

"சேர்த்தாச்சுன்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்க."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப அந்தக் கையைப் பார்த்துச் சொன்னேன், வசந்தா. இப்ப இந்தத் தாளைப் பார்த்துச் சொல்றேன்."

எடுத்தார். எடுத்த காரணத்தையாவது கட்டுரையில் எழுதலாமே என்று கேட்டுப் பார்த்தேன். 'முழுமையாக மாதிரி தந்த நோயாளிகள் மட்டும் சேர்க்கப்பட்டனர்' என்று ஒரு வரி வந்தது. பட்டியலில் தனலெட்சுமிக்குக் கீழே இருந்தவர்கள் ஆளுக்கொரு எண் மேலே நகர்ந்தார்கள்.

பிறகு பல ஆண்டுகள் கழித்து வேறு நாடுகளின் ஆய்வகங்களிலிருந்து வேறு பேச்சு வரத் தொடங்கியது. புற்றுச்செல்கள் கொத்தாகவும் ரத்தத்தில் போகின்றன. எண்ணிக்கையில் அவை குறைவுதான், ஆனால் போன இடத்தில் ஊன்றிக்கொள்வதில் தனிச் செல்லைவிடப் பல மடங்கு வலிமை உள்ளவை. நெருக்கமான குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நுழைந்து அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொள்ளவும் செய்கின்றன. நான் ஆய்வகத்து மேசையில் உட்கார்ந்து படித்தேன். டாக்டர் அதற்குள் ஓய்வு பெற்று மூவாருக்குப் போய்விட்டார். நாங்கள் முதலில் கண்டோம் என்று சொல்ல வரவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு காலை நேரம், அவ்வளவுதான். தனலெட்சுமியின் ரத்தத்தை வடிகட்டாமல் ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் அந்தக் காலை நேரத்துக்கு ஒரு துணை கிடைத்திருக்கும். குளோரின் வாளிக்குப் போன மற்றச் சல்லடைகளில் என்ன இருந்தது என்பதும் இனித் தெரியாது.

கவிதாவின் செய்தி வந்த பிறகு மூவாருக்குப் போனேன். டாக்டர் காதருக்கு எண்பது தாண்டிவிட்டது. தம்பி மகன் நடத்தும் கடையின் பின்புற அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"என்ன குடிக்குற?"

"எதுவும் வேணாம் சார்."

"கடைக்காரன் வீட்டுக்கு வந்து வேணாம்ங்கிறா பாரு." உள்ளே குரல் கொடுத்துத் தேநீர் வரவழைத்தார். கவிதா கேட்டதைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கிளாஸை நகர்த்தி வைத்தார்.

"எல்லாத்தையும் படிச்சேன். வந்தது ஒண்ணு விடல." பிறகு கேட்டார். "அன்னிக்கு அந்தக் கையில குத்தியிருக்கணும்னு நினைக்கிறியா?"

"இல்ல சார்."

"நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப ராத்திரி முழிப்பு வந்தா, குத்தியிருக்கலாமோன்னு தோணுது. அந்தம்மா குடுக்கத்தானே செஞ்சாங்க." கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "குத்தியிருந்தாலும் தப்பு. குத்தாததும்…" என் கிளாஸைக் காட்டினார். "தேத்தண்ணி ஆறுது, குடி."

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுக் கடலோரச் சாலையில் வந்தேன். பொந்தியான் தாண்டினால் பெக்கான் நானாஸ். முனியாண்டி லாரியை விட்டுவிட்டுச் சாலையோரம் அன்னாசிக் கடை போட்டிருப்பதாக எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். மாலை ஐந்தேகால். மஞ்சள் தார்ப்பாயின் கீழே பழங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"மிஸ்ஸிதானே? வயசாயிருச்சே உங்களுக்கு."

"உங்களுக்கு மட்டும் ஆகலையா?"

சிரித்தார். பழம் வெட்டிக்கொண்டிருந்த மருமகளிடம், "அத்தையோட ரத்தத்தை எடுத்து எழுதினாங்கன்னு சொல்வேன்ல, அது இவங்கதான்" என்றார். தனலெட்சுமியின் காரியம் முடிந்த வாரம் அவர் ஆய்வகத்துக்குப் போன் செய்திருந்தார். புத்தகத்தில் பேர் வருமா என்று கேட்டார். பேர் வராது, எண் மட்டும்தான் வரும், உங்கள் மனைவியின் எண் பதினேழு என்று சொன்னேன். கட்டுரைக்கு டாக்டர் அட்டவணையைப் பரப்புவதற்கு வெகு முன்பு நடந்தது அது.

"பதினேழு. மறக்கல பாருங்க" என்றார் முனியாண்டி. கடைக்குப் பக்கத்தில் வெள்ளை வேன் நின்றது. "இந்தக் காடி எடுக்கும்போது கேட்டு வாங்கினேன்." எண் பலகை பதினேழில் முடிந்தது. "கடைசி வரைக்கும் கணக்கு கணக்குன்னு உயிரை எடுத்தா. அவ ஆசைப்பட்டது நடந்துச்சு. ரெங்கத்துத் தங்கச்சி பொண்ணுங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், உங்க பெரியம்மா நம்பர் புத்தகத்துல இருக்குன்னு."

பழத்தை வெட்டி உப்பு மிளகாய் தூவி மருமகள் தந்தார். நின்றுகொண்டே சாப்பிட்டேன். இருட்டுவதற்குள் ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டேன்.

கட்டுரையின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கிறது. அச்சான அட்டவணையில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே இருப்பவர் அறுபத்திரண்டு வயதுப் பெண். நோய் பரவவில்லை என்று போட்டிருக்கிறது.